பின்னால் வந்த பலகை

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது. என் பூட்ஸ் ஒன்று இன்னும் அந்தச் சேற்றுக்குள்தான் கிடக்கிறது.

பாழாய்க் கிடந்த உப்பளம் ஒன்றைப் பழையபடி சதுப்பு நிலமாக்குவது எங்கள் வேலை. வரப்பை வெட்டி, கடல் தினமும் இரண்டு முறை உள்ளே வந்துபோக வழிவிட்டோம். பிறகு அந்த மண்ணுக்கே உரிய உமரியையும் உவர்ப்புல்லையும் நட ஆரம்பித்தோம். செடி பிடித்தால் நண்டு வரும். நண்டு வந்தால் பறவை வரும். நாற்று வளர்த்தது என் மனைவி. ஊற்றும் தண்ணீரில் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் உப்பைக் கூட்டிப் பழக்குவாள். பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வளர்க்கிற தாயை இங்கேதான் பார்க்கிறேன் என்று பொக்லைன் ஓட்டும் அண்ணன் அவளைக் கேலி செய்வார்.

அந்தச் சேற்றில் கால் வைத்தால் தொடை வரை இறங்கும். அதனால் பலகை போட்டு, இரண்டு பேராகப் போவோம். முன்னால் நிற்பவர் நடுவார். பின்னால் நிற்பவர், கடந்து வந்த பலகையைப் பிடுங்கி முன்னால் நீட்டுவார். முன்னவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. உடம்பு திரும்பினால் பலகை சாயும். "பலகை" என்பார். பலகை வரும். நான் கேட்டால் அவள், "இந்தாங்க துரை" என்று நீட்டுவாள்.

தனியாகப் போகக் கூடாது என்று விதி போட்டதும் அவள்தான். நான் அலுவலக வேலையாக நகரத்துக்குப் போயிருந்த ஒரு நாள், அவளே தனியாகப் போனாள். ராத்திரி ஏறிய தண்ணீர் அவளைக் கரையில் கொண்டுவந்து போட்டது. ஏன் போனாள் என்று எனக்குப் புரியவே இல்லை. அவள் தங்கை அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். துக்கம் என்று நினைத்தேன்.

எட்டு மாதம் நாற்றுகளுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். கடைசியில் ஒரே ஒரு தட்டு மிஞ்சியது. வேர் சுற்றிக்கொண்டு இலை பழுக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் முதல் தண்ணீர் உயரமாக ஏறும் வாரம். அதன்பிறகு நட முடியாது. கூட வருபவருக்கோ காய்ச்சல்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் தம்பி" என்றார் பொக்லைன் அண்ணன்.

"நாளைக்கு இது இருக்காதுண்ணே. அவ வளர்த்ததுல இதுதான் பாக்கி."

அவர் தட்டைப் பார்த்தார். "மூணு பலகை நீளத்துக்கு மேல போகாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

மூன்று பலகைகளையும் வரிசையாகப் போட்டு நடந்தேன். சாயங்காலம் ஐந்தே முக்கால். வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. குச்சியால் குழி போடுவேன். செடியை வைப்பேன். கட்டைவிரலால் அழுத்துவேன். அழுகை வரவில்லை. எட்டு மாதமாக எதுவுமே வந்ததில்லை. கை மட்டும் வேலை செய்தது.

மூன்றாவது பலகையின் முனைக்கு வந்துவிட்டேன். தட்டில் பாதிச் செடி இருந்தது.

"பலகை" என்றேன்.

பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் தனியாக வந்திருப்பது நினைவுக்கு வந்தது.

பின்னால் சேறு உறிஞ்சி விடும் சத்தம் கேட்டது. ப்ளக்...

என் வலது கைப் பக்கமாகப் பலகை வந்தது.

வாங்கிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயமே இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. போட்டேன், ஏறினேன், நட்டேன். "பலகை" என்றேன். வந்தது. செடிகளைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் குழாய் ஒழுகுவதைச் சொன்னேன். மறுபடி கேட்டேன். வந்தது.

"துரை"தான் வரவில்லை.

பிறகு இன்னொன்று உறைத்தது. அவளுக்குத் தோளில் பலம் குறைவு. அவள் நீட்டும் பலகை ஆடும்.

இது ஆடவில்லை.

சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான் குருவிகளின் சத்தமும் நின்றிருந்தது.

கடைசிச் செடியை நட்டேன். தட்டு காலி. முன்னால் ஓடை. தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. சளக்... சளக்...

"போதும்மா. வீட்டுக்குப் போலாம்."

பலகை வந்தது.

நான் கேட்கவில்லை.

வாங்காமல் நின்றேன். அது என் இடுப்பில் இடித்தது. மெதுவாக. மறுபடியும்...

பிறகு, நான் நின்றிருந்த பலகை என் காலுக்கடியில் பின்னால் நகர்ந்தது.

யாரோ பிடுங்குகிறார்கள்...

கரையில் பொக்லைன் விளக்கு எரிந்தது. "படுங்க தம்பி! படுத்து நீந்துங்க!"

விழுந்தேன். புரண்டேன். திரும்பினேன்.

யாருமில்லை.

கரை வரைக்கும் சேறு வழவழவென்று கிடந்தது. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

எப்படி ஊர்ந்து கரை ஏறினேன் என்று தெரியவில்லை. இருட்டில் நான் பேசிக்கொண்டே ஓடைப் பக்கம் போனதுதான் தெரிந்தது என்றார் அண்ணன். வேறு எதையும் அவர் பார்க்கவில்லை.

அவள்தான் வந்தாள் என்று இரவெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபமாக வந்திருக்கலாம், ஆனால் வந்தாள். காலையில் அவள் தங்கைக்குப் போன் செய்தேன். எடுப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாமா, அன்னைக்கு நீங்க நிஜமாவே ஊர்ல இல்லையா?"

நகரத்தில், அலுவலகப் பெஞ்சில், ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தேன் என்றேன்.

"கரை ஓரமா நட்டுட்டு இருந்தப்போ அக்கா எனக்குப் போன் பண்ணினா. 'மாமா சீக்கிரமே வந்துட்டாருடி. பின்னாடி நின்னு பலகை எடுத்துக் குடுக்குறாரு. தனியா வந்துட்டேன்னு கோவம்போல, பேசவே மாட்டேங்குறாரு'ன்னு சிரிச்சா. நீங்கதான் கூட இருந்தீங்கன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன் மாமா."

அந்தக் கடைசித் தட்டுச் செடிகள் எல்லாமே பிடித்துக்கொண்டன. நண்டு வந்துவிட்டது. பறவைகளும் வருகின்றன.

நான் இப்போது கரையோடு நின்றுகொள்கிறேன். அங்கே பின்னால் நிற்பது அவள் இல்லை என்று தெரியும். தெரிந்தும், சில சாயங்காலங்களில், அந்த ஒரு சொல் வாய் வரைக்கும் வந்துவிடுகிறது.