சீதார்குண்டில் நான் திரும்பி நின்ற படம்

போன தை மாதம், கடலைக்காய் பறித்து முடித்ததும், நாங்கள் நான்கு பேர் நெல்லியாம்பதி மலைக்குப் போய்வந்தோம். இரண்டு இரவு, மூன்று பகல். மாசி பிறந்து பல நாளாகியும் என் இடுப்பு இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். குடும்பத்தோடு அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு வழியும் செலவும் தெரிந்திருப்பது நல்லது. வீட்டில் காமிரா வைத்திருக்கும் ஆண்பிள்ளை இருந்தால் வேறு சில விஷயங்களும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு எருத்தேன்பதியில் பூமி. இரண்டு வருஷத்துக்கு முன் பருத்தி விற்கக் கோயமுத்தூர் போன எங்கள் வீட்டுக்காரர் திரும்பும்போது ஒரு காமிரா வாங்கி வந்தார். கறுப்புத் தோல் ஒட்டிய பெட்டி. அதன் மேல் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னக் கண்ணாடி. குனிந்து பார்த்தால் எதிரே இருப்பது அதில் குட்டியாய்த் தெரியும். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். மற்ற நாட்களில் அவர் தங்கமானவர், குரல் உயர்த்திப் பேச மாட்டார். அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் ஜமீன்தார் ஆகிவிடுவார். நில், நகரு, முந்தானையைச் சரி பண்ணு, சிரிக்காதே என்று ஒரே அதிகாரம்.

படம் பிடிப்பவருக்குச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டுமாம். ஆகவே வெயில் எங்கள் கண்ணில். பார்க்கத் தகுந்தது எதுவோ அது எங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டுமாம். அப்போதுதான் போய்வந்ததற்கு அத்தாட்சி. இப்படியாகத் திருமூர்த்தி மலை அருவியை நான் காதால் கேட்டேன், முதுகில் கொஞ்சம் தெறிக்கவும் செய்தது. பழனியில் என் பின்னால் கோயில் யானை நின்றதைப் படம் கழுவி வந்த பிறகு தெரிந்துகொண்டேன். போன இடத்திலெல்லாம் நான் நன்றாகப் பார்த்தது, குனிந்து நிற்கும் என் கணவரின் உச்சந்தலையைத்தான். அங்கே முடி கொட்டிக்கொண்டு வருவது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

நெல்லியாம்பதி விஷயம் வேறு. கல்யாணமாகி வந்த நாள் முதல் தெற்கே அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். களத்தில் ராகி காயப் போடும்போதும், தோட்டத்துக்குச் சோறு கொண்டு போகும்போதும் அது அங்கேயே சுவர் மாதிரி நிற்கும். கோழிஞ்சாம்பாறையில் மளிகைக் கடை வைத்திருக்கும் சாமியப்பன் எங்கள் வீட்டுக்காரரின் கூட்டாளி, எனக்கு அண்ணன் முறை. அவர் ஒரு நாள் சாப்பிட வந்தபோது, "மேல சீதார்குண்டுன்னு ஒரு எடமிருக்குதுங்க தங்கச்சி. அங்க நின்னு பாத்தா நம்ம சீமையே சொளகுல பரப்பி வெச்சாப்பல தெரியுமுங்க" என்றார். அன்றைக்கே எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. இருபது வருஷமாய் விடியுமுன் எழுந்து, நடந்து நடந்து கால் தேய்ந்த இடம் இது. மொத்தம் எவ்வளவு பெரிசு என்று ஒரு தடவை எட்ட நின்று பார்த்துவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

"ஏனுங்க, இந்த வாட்டி நான் திரும்பி நின்னு பாக்கோணுமுங்க. படத்துக்கு நில்லுன்னு சொல்லக் கூடாதுங்க" என்று புறப்படும் முன்பே சொல்லி வைத்தேன்.

"தாராளமாப் பாரு. ஆரு வேண்டாங்கறா? அங்க ஒரே ஒரு படம், அவ்வளவுதான். கண்ணுல பாத்தது மறந்து போயிரும் புள்ள, படத்துல இருந்தா எந்நாளும் இருக்கும்" என்றார். ஒரே ஒரு படம் என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சாமியப்பண்ணன் கடையிலிருந்துதான் மேலே ஓர் எஸ்டேட்டுக்கு அரிசி போகிறது. அங்கே கணக்கப்பிள்ளையாக இருக்கும் பிச்சையா திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். வந்து தங்கிப் போகும்படி வெகு நாளாய் அழைத்துக்கொண்டிருந்தாராம். அதனால் தங்க இடமும், அரிசி லாரியில் ஏறிக்கொள்ள அனுமதியும் கிடைத்தன. அண்ணனின் சம்சாரம் மயிலாத்தாளும் எனக்குத் துணையாய் வந்தாள்.

விடிகாலை நாலு மணிக்கு வண்டி பூட்டிக் கோழிஞ்சாம்பாறை போனோம். அங்கிருந்து சித்தூர் வழியாக நெம்மாறைக்குப் பஸ், ஆளுக்கு ஏழணா. ஏறக்குறைய இருபது மைல்தான், ஆனால் டயர் வெடித்ததில் ஒரு மணி நேரம் புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். அதையும் ஒரு படம் எடுத்தார். நெம்மாறையில் காப்பி கிளப்பில் சாப்பாடு மூன்றணா. சோறு பருமனாகவும் சிவப்பாகவும் இருக்கும், பழக்கமில்லாதவர்கள் குறைத்துச் சாப்பிடுவது நல்லது. மோர் நன்றாயிருந்தது.

நெம்மாறையிலிருந்து எஸ்டேட் பதினெட்டு மைல் என்றார்கள். என் இடுப்பைக் கேட்டால் முப்பது என்று சொல்லும். முதலில் பெண்களை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெட்ரோல் வாடையில் மயிலாத்தாளுக்குக் குமட்டல் எடுக்க, இருவரும் பின்னால் போய் அரிசி மூட்டை மேல் ஏறிக்கொண்டோம். போத்துண்டி தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே நம் பக்கம் தெரியுமா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். மரங்கள்தான் தெரிந்தன. கழுத்து வலி கண்டது.

பாதி வழியில் டிரைவர் லாரியை நிறுத்தினார். ரோட்டின் நடுவில் ஆவி பறக்க யானை லத்தி. நாங்கள் நடுங்குவதைப் பார்த்து, "பேடிக்கண்டா அம்மே, ஆன போயி" என்று சிரித்தார். பயப்பட வேண்டாம், யானை போய்விட்டது என்கிறார். எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் யானை போய்விட்டதில் வருத்தம். யானை இல்லாவிட்டால் என்ன, லத்தி இருக்கிறதே என்று எங்கள் இருவரையும் இறக்கி அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டார். எதிர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யானைச் சாணத்துக்குக் காவல் நின்றேன். எனக்கு அன்றைக்கு மறுக்கக்கூடத் தெம்பில்லை.

பொழுது சாயும் நேரத்தில் எஸ்டேட் போய்ச் சேர்ந்தோம். குளிர் எலும்பைத் துளைத்தது. "வாங்கம்மா, வாங்க. பாதையில ரொம்பச் சீரழிஞ்சிட்டியளோ? முதல்ல இந்தக் காப்பியக் குடிங்க" என்று பிச்சையா அன்போடு உபசரித்தார். சீதார்குண்டு அங்கிருந்து மூன்று மைல், நடைதான். "மூட்டம் கெடக்கும். பத்து மணி வாக்குலதான் கொஞ்சம் தொறக்கும். சில நாளு தொறக்கவே தொறக்காது, பாத்துக்கிடுங்க" என்று அவர் எச்சரித்தும் வைத்தார்.

மறுநாள் அப்படியேதான் ஆயிற்று. காப்பித் தோட்டங்களின் ஊடே மூன்று மைல் நடந்து, மலை விளிம்பில் இரண்டு மணி நேரம் நின்றோம். எதிரே வெறும் வெள்ளை. நீட்டிய கையே மங்கலாய்த் தெரிந்தது. பார்க்க எதுவும் இல்லாததால் எங்கள் வீட்டுக்காரர் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். பாறை மேல் நாங்கள், பாறைக்குக் கீழே நாங்கள், காப்பிப் பழம் பறிக்கும் பெண்களோடு நாங்கள். கொண்டுபோன இரண்டு சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். மூன்று மைல் திரும்பி நடந்தபோது மயிலாத்தாளின் குதிகாலில் கொப்புளம். எனக்கோ பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு லாரி இறங்குகிறது. அதை விட்டால் நான்கு நாளைக்கு வேறு லாரி இல்லை. காலையில் எழுந்தபோது மறுபடி நடக்க யாருக்கும் மனமில்லை. "எனக்காவ வாங்க" என்றேன். வாய் விட்டு அப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால்தானோ என்னவோ எல்லாரும் எழுந்து வந்தார்கள், மயிலாத்தாள் நொண்டிக்கொண்டு வந்தாள்.

விளிம்பில் அன்றைக்கும் வெள்ளைதான். எங்களோடு வந்த பிச்சையா குடையை நீட்டி வடகிழக்கு மூலையைக் காட்டினார். "தொறந்தா அந்தா, அங்கன ஒரு ஏரி தெரியும். கரை வளைஞ்சு அருவா கணக்கா கெடக்கும். அதுக்கு அங்கிட்டுதான் உங்க ஊரு." அந்த ஏரி எனக்குத் தெரியும். அதன் கரையில் நான் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன்.

சும்மா நிற்கிற நேரம்தானே, எல்லாரும் வரிசையாய் நில்லுங்கள் என்றார் எங்கள் வீட்டுக்காரர். திறந்ததும் ஒரு படம், அப்புறம் பார்த்துக்கொண்டே இருக்கலாமாம். சாமியப்பண்ணன் நடுவில், மயிலாத்தாள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். அண்ணனின் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். அரை மணி நேரம் எங்கள் முதுகு பள்ளத்தைப் பார்க்க, நாங்கள் அவர் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கண்ணில் வெயில் பட்டது. அவர் பக்கத்தில் நின்ற பிச்சையாவின் பார்வை எங்களைத் தாண்டிப் போனது.

"தொறந்துட்டு!" என்றார் பிச்சையா.

"ஆரும் அசையாதீங்க! கடைசிப் படம்!"

"ஏனுங்க, நான் பாக்கோணுமுங்க."

"ஒரு நிமிஷம் புள்ள. இங்க பாரு, இங்க பாரு."

அந்த ஒரு நிமிஷத்தை எனக்கு இரண்டு வருஷமாய்த் தெரியும். நான் திரும்பிவிட்டேன்.

கீழே எல்லாம் இருந்தது. கட்டம் கட்டமாய் வயல், புள்ளி புள்ளியாய்ப் பனைமரம், நூல் போல ஒரு ரோடு. எட்டத்தில், நீலம் பூத்த மங்கலில், அரிவாள் மாதிரி வளைந்து அந்த ஏரி மின்னியது. அதற்கு அப்பால்தான் நாங்கள். வலது உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். ஏரி மறைந்தது. தோட்டம், கிணறு, வீடு, இருபது வருஷம், எல்லாம் ஒரு கைக்குள் மறைந்துவிட்டன. இத்தனூண்டு இடத்திலா இப்படி ஓய்ந்து போனேன் என்று சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கையை எடுத்தேன், எல்லாம் அங்கேயே இருந்தன. மறுபடி மறைத்தேன். பின்னால் காமிராவின் கிளிக் சத்தம் கேட்டது.

"ஏ புள்ளே! கடைசிப் படமாச்சே! திரும்பிக்கிட்டியே!" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சுருளின் விலை, லாரியின் ஆட்டம், நடந்த தூரம் எல்லாவற்றையும் சொல்லித் திட்டினார். நான் திரும்பவே இல்லை. அவர் திட்டி முடித்து விளிம்புக்கு வந்து, "எங்க, தெரியுதா?" என்றபோது வெள்ளை மூடிவிட்டது. தலைப்பாகையை விட்டுக் கையை எடுக்காமல் நின்ற சாமியப்பண்ணனும் பார்க்கவில்லை, மயிலாத்தாளும் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணி லாரியில் காப்பி மூட்டைகள் மேல் உட்கார்ந்து மலை இறங்கும்போது அவள் மெதுவாக, "அக்கா, என்னக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டாள். சொன்னேன். என் தோளில் சாய்ந்து, கேட்டுக்கொண்டே தூங்கிப் போனாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசியில் போவது நல்லது. மழைக் காலத்தில் அட்டை கடிக்குமாம். ஆளுக்கு இரண்டு கம்பளி வேண்டும். எஸ்டேட்டில் தெரிந்தவர் இல்லாமல் போகாதீர்கள், சத்திரம் கிடையாது. நான்கு பேருக்கும் சேர்ந்து பஸ், சாப்பாடு, டிரைவருக்குக் கொடுத்தது எல்லாமாக ஏழெட்டு ரூபாய்க்குள் முடிந்தது, படச்சுருள் நீங்கலாக. ஒரு நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். காமிராவோடு போகிறவர்கள் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு வரிசையில் நில்லுங்கள்.

படங்கள் கோயமுத்தூரில் கழுவிப் போன வாரம் வந்தன. யானை லத்தி மிகத் தெளிவாய் விழுந்திருக்கிறது. கடைசிப் படத்தில் அண்ணனும் மயிலாத்தாளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நான் மட்டும் முதுகைக் காட்டி, கையை நீட்டிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. சுத்தமான வெள்ளை. தூரத்து நீலம் பிலிமில் வெள்ளையாய்த்தான் விழும், பெட்டியின் மேல் தப்பில்லை என்று கடைக்காரர் சொன்னாராம். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் அம்மணி ஆருக்குக் கை காட்டுது என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். இரண்டு நாள் எங்கள் வீட்டுக்காரரும் கூடச் சிரித்தார்.

நேற்று மத்தியானம் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெள்ளையில என்ன புள்ள இருந்துச்சு?"

"நாம இருந்தோமுங்க" என்றேன்.

"எத்தன பெருசா?"

கடலை மண் படிந்த கையை விரித்துக் காட்டினேன். அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டியை எடுத்துவர எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வாட்டி எனக்கும் காட்டு" என்றார்.

காட்டலாம். முதலில் என் இடுப்பு இறங்கி வரட்டும்.