நடுங்காத கை

மரியசெல்வி அக்காவின் கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று நான் சொன்னது பொய்.

இந்த இரண்டு வரிகளை எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பொய் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை எளிதாக மன்னித்துவிடுவீர்கள். அது வேண்டாம்.

தேவிகுளத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் நில அளவைப் படங்கள் வரைகிறேன். இப்போது எல்லாம் கணினியில்தான். படிக்கிற காலத்தில் மட்டும் கையால் மைக்கோடு இழுக்கப் பழகினோம். அதில் எனக்கு நல்ல பெயர். என் மேசையில் பென்சில்கள் உயர வரிசையில் நிற்கும். சுவரில் மாட்டிய நாள்காட்டி சற்றே சாய்ந்திருந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

ஐம்பதை நெருங்கும் வயதில் பச்சை குத்தக் கற்றுக்கொள்ளப் போனேன். சிரிக்காதீர்கள்! சின்னக்கானல் போகும் சாலையில், சுற்றுலாக்காரர்களுக்காக ஜோமோன் என்ற மலையாளி இளைஞன் டாட்டூ கடை வைத்திருந்தான். கடைக்கட்டடத்துக்குப் படம் வரைந்து கொடுக்கப் போன இடத்தில், அவன் ஒரு பெண்ணின் தோளில் ஒரே மூச்சில் ஒரு கோடு இழுப்பதைப் பார்த்தேன். முடி போன்ற கோடு. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே தடிமன். அன்றைக்கே என்னைச் சேர்த்துக்கொள் என்று கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அங்கே போய்விடுவேன். முதலில் ரப்பர் போன்ற செயற்கைத் தோலில் பயிற்சி. விரலால் இழுக்காதே, தோளிலிருந்து கையை நகர்த்து என்பான் ஜோமோன். மெஷின் ஓடும் வேகத்துக்குக் கை ஓட வேண்டும். கை பிந்தினால் மை தேங்கும், முந்தினால் கோடு புள்ளி புள்ளியாக உடையும். இடது கை சும்மா இருக்கக்கூடாது. தோலை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும், தளர்ந்த தோலில் கோடு நெளியும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னான்.

"ஒரு தடவ போன கோட்டுல மறுபடி போகண்டா சேட்டா. கோடு கொஞ்சம் மெலிஞ்சா மெலியட்டே. விட்டுரு."

இது மட்டும் எனக்குக் கைவரவில்லை. காகிதத்தில் மெலிந்த கோட்டின் மேல் இன்னொரு முறை பேனா ஓட்டினால் அது சீராகிவிடும். அப்படிச் சீராக்கித்தானே நான் நல்ல பெயர் வாங்கினேன்! ரப்பரிலும் அதையே செய்தேன். ரப்பர் பொறுத்துக்கொண்டது. மனிதத் தோல் பொறுக்காது. இரண்டாம் முறை போகும் ஊசி ஆழமாக இறங்கும்; மை தோலுக்கடியில் கசிந்து, கோட்டைச் சுற்றி நீல நிழலாகப் படரும். பிறகு எதைச் செய்தாலும் போகாது.

உயிருள்ள தோலில் பழக யாராவது கை தர வேண்டும். யார் தருவார்கள்?

மரியசெல்வி அக்கா தந்தார். எங்கள் பங்குக் கோயிலில் என் குடும்பத்துக்கு முன்வரிசையில் உட்காருகிறவர். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கும் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், உரக்கச் சிரிப்பவர். மாதா கோயில் திருவிழாவுக்குப் போகும்போது அங்கே பச்சை குத்துகிறவர்களிடம் கையில் சிலுவை குத்திக்கொண்டு வருவது எஸ்டேட் குடும்பங்களில் பழக்கம். அவருடைய அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் அந்தச் சிலுவை உண்டு. எல்லோரும் குத்திக்கொண்ட வருடம் அக்காவுக்கு அம்மை வார்த்திருந்தது, போக முடியவில்லை. அந்தக் குறை அவருக்கு இருந்துகொண்டே இருந்தது.

"என் கையில படிச்சுக்கோ தம்பி. ரெண்டு கோடுதான? கோணினா என்ன, மாதா கோவிச்சுக்கவா போறா?"

கவனித்தீர்களா? கோணலுக்கு மன்னிப்பு முன்கூட்டியே கிடைத்துவிட்டது! கேட்காமலே கொடுத்துவிட்டார். அப்படியிருந்தும் நான்...

அன்று கடைக்கு வெளியே மூடுபனி. அக்கா இடது முன்கையை மேசைமேல் நீட்டினார். கொழுந்துச் செடி கீறிக் கீறி வெளுத்துப்போன தழும்புகள் நிறைந்த கை. நான் அச்சுத்தாளை ஒட்டிக் கோட்டின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பயத்தை மறைக்கப் பேசிக்கொண்டே இருந்தார்.

"நேரா போட்டுருவியா? எங்கப்பாவாட்டம் உனக்கும் கை நடுக்கம் கிடுக்கம் இல்லியே? அவருக்குக் கடேசில டீ கிளாசக்கூடப் பிடிக்க முடியாது. நாங்கதான் ஸ்பூன்ல ஊட்டுவோம். சோத்துக்கு வாயத் தொறப்பாரு பாரு, குருவிக்குஞ்சு கெட்டுது போ!"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் செபமாலை சொல்லத் தொடங்கினார். ஊசி இறங்கியது. அந்தக் கை அசையவேயில்லை. பாறைமேல் வைத்ததுபோல் இருந்தது. நீளக்கோட்டை மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் இழுத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல கோடு! நடுவில் ஒரு நெல்மணி நீளத்துக்கு மெலிந்திருந்தது. அவ்வளவுதான்.

ஜோமோன் வாசலில் யாரோ இரண்டு பேருக்குப் படங்கள் காட்டிக்கொண்டிருந்தான். நான் அந்த மெலிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிடு என்று புத்தி சொன்னது. கண் ஒப்பவில்லை. மை துடைத்த கையோடு, தோலை இழுத்துப் பிடிக்க மறந்து, அதே கோட்டில் மறுபடி ஊசியை வைத்தேன்.

தோல் நழுவியது. கோடு வளைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் கசிந்து பரவியது...

அக்கா கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். கோபப்படவில்லை. "என்ன தம்பி, கோணிருச்சோ?" என்றுதான் கேட்டார்.

ஆமாம் அக்கா, என் தப்பு. இவ்வளவு சொன்னால் போதும். சிரித்திருப்பார். எஸ்டேட் முழுக்க என்னைக் கேலி செய்திருப்பார். அதோடு முடிந்திருக்கும்.

நான் சொன்னேன்: "உங்க கை லேசா நடுங்குச்சுக்கா."

ஏன் அந்தச் சொல்? பல முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். 'கையை அசைச்சுட்டீங்க' என்றால், 'இல்லியே' என்று அவர் சொல்லியிருப்பார். அசைத்தோமா இல்லையா என்பது ஒருவருக்குத் தெரியும். நடுக்கம் அப்படியல்ல. நடுங்குகிறவருக்கே தெரியாமல் வரக்கூடியது. மறுக்க முடியாத சொல்லாகத் தேடி எடுத்தேனா? அதுவும் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லிச் சிறிது நேரம்கூட ஆகாத நிலையில்! தெரிந்து செய்தேனா, வாயில் வந்ததா... நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கே விளங்கவில்லை. ஆனால் சொல் தானாக வாயில் வராது.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. கையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். "அப்பிடியா?" என்றார். கையை மறுபடி மேசைமேல் வைத்தார். குறுக்குக்கோட்டைப் போட்டு முடித்தேன். அது நேராக வந்தது.

அவர் போனபின் கைப்பேசியில் நான் எடுத்திருந்த படத்தை ஜோமோன் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இது கை ஆடினதில்ல சேட்டா. ரெண்டாம் தடவயும் அதே கோட்டுல போயி, அல்லே?"

தலையசைத்தேன்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

இரண்டாவது பொய், முதலாவதைவிட எளிதாக வந்தது.

மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உனக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். கிரஷ்ல பிள்ளைகளப் பாத்துக்க ஆள் வேணும்னு என் பேரச் சொன்னாக."

எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அக்காவுக்கு மூட்டுவலி, மலைச்சரிவில் கூடையோடு ஏறி இறங்க முடியவில்லை. அந்த வேலைக்காக எத்தனை முறை மாதாவிடம் வேண்டியிருப்பார் என்பது எங்கள் வரிசையில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும்.

"நல்லதாப் போச்சுக்கா! எப்ப இருந்து?"

"நான் மாட்டேன்னுட்டேன்லா. நடுங்குத கையில பச்சப்பிள்ளையத் தூக்கலாமா? நீ மட்டும் அன்னைக்குச் சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? எதையாவது கீழ போட்டுட்டு, அந்தப் பாவத்த எங்க கொண்டு தொலைக்க!"

நன்றி... எனக்கு!

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எதிரில் நின்றார். பக்கத்தில் யாருமில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுக்கும் டாக்டரப் பாருங்கக்கா" என்றேன். அக்கறை உள்ளவன்போல!

"டாக்டரா? எங்கப்பாவ எத்தன டாக்டரு பாத்தாக!" என்று சொல்லிவிட்டு, மூட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கிரஷ் வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது.

இதற்கிடையில் என் கோடுகள் தேறிவிட்டன. இதையும் சொல்லத்தான் வேண்டும். விட்டுவிடக் கற்றுக்கொண்டேன். மெலிந்தால் மெலியட்டும் என்று ஊசியை எடுத்துவிடுகிறேன். கொச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறவர்கள் என் வேலையைப் படமெடுத்துப் போகிறார்கள். "இப்ப சேட்டன்டெ கோடு என்னோடத விட நல்லா இருக்கு" என்கிறான் ஜோமோன். சுத்தமான ஒவ்வொரு கோடும் அந்தக் கையின் செலவில் கற்றது. அந்தக் கையின் சொந்தக்காரர் மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில், பொறுக்க முடியாமல், எஸ்டேட் குடியிருப்பு வரிசையில் அவர் இருக்கும் லயத்து வீட்டுக்குப் போனேன். மத்தியானம். என்னைக் கண்டதும் மகிழ்ந்துபோய் டீ போட்டார். டம்ளரில் பாதிதான் இருந்தது.

"குறைச்சலா இருக்கேன்னு பாக்காத. நெறைய ஊத்தினா சிந்திருது."

நின்றபடியே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நல்ல கோடு, நெல்மணி அளவு மெலிவு, இரண்டாம் முறை வைத்த ஊசி, நழுவிய தோல், நான் சொன்ன சொல். "உங்க கை அன்னைக்கு அசையவே இல்லக்கா. நான் பொய் சொன்னேன்."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவரோ சிரிக்கத் தொடங்கினார்.

"கிரஷ் வேல போச்சேன்னு உனக்கு மனசு கேக்கல. அதான இப்பிடிச் சொல்லுத? பொய் சொல்லத் தெரியாத ஆளுப்பா நீ!"

"இது பொய்யில்லக்கா. அன்னைக்குச் சொன்னதுதான் பொய்!"

"சரி, சரி. டீயக் குடி, ஆறிப் போவுது."

வாழ்நாளெல்லாம் ஒழுங்கானவன் என்று பெயர் எடுத்ததற்குப் பலன் இதுதான். என் பொய்யை நம்பியவர், உண்மையை நம்பவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "கைய நீட்டுங்கக்கா, நீங்களே பாருங்க" என்றேன். அந்தப் பாறை போன்ற கையை அவரே பார்த்துவிட்டால் போதுமே!

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் விரல்களையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

விரல்கள் நடுங்கின.

மெல்லிய நடுக்கம்தான். ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

"பாத்தியா?" என்றார் அக்கா, என்னைத் தேற்றுகிறவர்போல. "நீ என்ன செய்வ, பாவம். எங்கப்பா வழி."

அது அப்பா வழியா, என் வழியா? உண்மையிலேயே நோய் வந்துவிட்டதா? அல்லது இத்தனை மாதங்களாகப் பயந்து பயந்து பார்த்ததில், பார்த்தால் நடுங்கும் என்று கை கற்றுக்கொண்டுவிட்டதா? எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன் என்கிறேன். கொழுந்துக் காலம் முடியட்டும் என்கிறார். ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன், ஒவ்வொரு வாரமும் அதே பதில். நோய் இல்லை என்று டாக்டர் சொன்னால் என் குற்றம் முழுதாக நிற்கும். இருக்கிறது என்று சொன்னால் பாதியாவது குறையும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். இதையும் உங்களிடம் மறைக்கவில்லை... எப்படிப்பட்ட மனம் பாருங்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு முன். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண் ஒருத்தி, நழுவிய முக்காட்டைச் சரிசெய்ய, "சித்த பிடிங்க அத்த" என்று தன் கைக்குழந்தையை அக்காவிடம் நீட்டினாள். அக்கா இரண்டு கைகளையும் சட்டென்று சேலை முந்திக்குள் இழுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் முகம் வாடியது. அக்கா பின்னால் திரும்பி என்னைக் காட்டி, "தம்பிகிட்டக் குடு தாயி" என்றார்.

வாங்கிக்கொண்டேன். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அக்கா அதன் முகத்தருகே குனிந்து, தொடாமல், உதட்டைக் குவித்துக் காற்றில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.