முதல் வரியில் ஒரு பச்சைக் கோடு

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. டைப் அடித்த ஒற்றைத் தாள். பழுப்பேறி மடிப்பில் கிழிந்துவிட்டதால் பின்புறம் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் பதினேழு வரிகள். ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயர், வருஷம், கட்டுரைத் தலைப்பு, பத்திரிகை, தொகுதி எண், பக்க எண். முதல் வரியை மட்டும் வெட்டிப் பச்சை மையில் ஒரு கோடு. கோபத்தில் கிறுக்கியிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. மேஜை இழுப்பறையைத் திறந்து, அடிக்கோலைத் தேடி எடுத்து, நிதானமாக நேர்கோடு போட்டார் எங்கள் ஆபீசர். கோட்டுக்கு அடியில் இருப்பது என் பெயர்.

வெள்ளைக்காரன் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. உத்திரமேரூருக்கு வெளியே சிறியதொரு அரசு நெல் பண்ணை. அதில் நான் பீல்டுமேன், வயல்வேலையைக் கவனிக்கும் கடைசிப்படி ஊழியன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. என் அப்பா அடுத்தவர் கழனியில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். பள்ளி இறுதி வகுப்புத் தேறி, காஞ்சிபுரம் போய் டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் செய்திருந்ததால் பண்ணையின் ஒரே டைப்ரைட்டர் என் தலையில் விழுந்தது. ஆபீசருக்குப் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அந்தஸ்து. அது அவருக்குத் தலைக்கேறிப் போயிருந்தது. எருவண்டிக்காரனுக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டிலும் பச்சை மைதான். வயலில் இறங்க மாட்டார். செருப்பில் சேறு படுமாம். வரப்பில் குடையோடு நின்றுகொண்டு, நாற்றில் என்ன பூச்சி என்று எங்களைக் கேட்டு எழுதிக்கொள்வார்.

அவர் வருவதற்கு முன்பே நான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். பெரிய வார்த்தைதான், ஆனாலும் அதுதான் உண்மை. ஆனைக்கொம்பன் ஈ விழுந்த நெற்பயிரில் கதிர் வராது. தண்டு வெங்காயத்தாள் போலக் குழலாக நீண்டுவிடும். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் இந்தப் பூச்சி எங்கே போய் ஒளிகிறது என்று எங்கள் பண்ணையில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு கோடை முழுக்க ஏரிக்கரைப் புல்லைப் பிடுங்கி, ஒவ்வொரு தண்டாகச் சவர பிளேடால் பிளந்து பார்த்தேன். உள்ளே அதே ஈயின் புழு இருந்தது. அப்போதிருந்த ஆபீசர் நல்ல மனிதர். நான் எழுதிக் கொடுத்த அரைப் பக்கத்தை என் பெயரிலேயே விவசாயத் துறையின் மாத இதழுக்கு அனுப்பி வைத்தார். அச்சிலும் வந்தது.

புதியவர் வந்தார். ஆனைக்கொம்பனைப் பற்றி வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினார். அதன் உயிர்நாடியே அந்தப் புல் விஷயம்தான். கடைசிப் பக்கத்தில், எந்தச் செய்தியை யார் எழுதியதிலிருந்து எடுத்தோம் என்று காட்டும் ஆதாரப் பட்டியல் வேண்டும். அவர் அதைப் பதவி வரிசையில் தயாரித்தார்! கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் போடுவது போல, முதலில் துறையின் டைரக்டர், பட்டம் பதவியோடு. அடுத்து வெள்ளைக்காரத் துரைகள். பிறகு பேராசிரியர்கள். கடைசியாக, பதினேழாவதாக, என் அரைப் பக்கம். "உன் பேரையும் போட்டிருக்கேன், பாத்தியா?" என்று சிரித்தார். நானும் மடையன் மாதிரி கைகூப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று மாதத்தில் கட்டுரை திரும்பி வந்தது. விஷயம் நன்றாக இருக்கிறது, பட்டியல்தான் முறையாக இல்லை என்று எழுதி, விதித்தாள் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். பட்டம் பதவி எதுவும் கூடாது. ஆங்கில எழுத்து வரிசைப்படிதான் பெயர்கள் வர வேண்டும். அந்த வரிசையில் எண் கொடுத்து, கட்டுரைக்குள் எந்தச் செய்திக்கு எது ஆதாரமோ அந்த எண்ணை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். ஆபீசர் முகம் சுளித்து, "அவன் சொல்றபடியே அடிச்சுத் தொலை" என்றார். மூன்று நாள் உட்கார்ந்து முழுவதையும் புதிதாக அடித்தேன். டைரக்டர் பதினான்காவது இடத்துக்குப் போனார். ஆரோக்கியசாமி என்கிற நான் முதல் இடத்துக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் விரலைப் பிடித்து முதல் வரியில் வைத்தேன்.

"இன்னாடா சொல்ற? ஆபீசருங்க பேருக்கெல்லாம் மேலயா உன் பேரு கீது?"

"ஆமா நைனா. ரூலு அப்பிடி."

சுட்டுக்கொண்டவர் மாதிரி விரலை எடுத்துவிட்டார். "ரூலாவது இன்னாவது. கீய போடச் சொல்லுடா. மேல போட்டா அவுங்க சொம்மா இருப்பாங்களா?"

பயந்து பயந்தே செத்துக்கொண்டிருக்கிறாய் என்று அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். அவர் சொன்னதுதான் நடந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

மறுநாள் காலை தாளைப் பார்த்த ஆபீசர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"டைரக்டர் பதினாலு. நீ ஒண்ணா?"

"ரூல்ல அப்பிடித்தான் கீது சார்."

"கீது! கீதுன்னு பேசறவன் பேரை சயின்ஸ் பேப்பர்ல தலையில வெச்சு அனுப்பணுமா? பாக்கறவன் என்னைப் பத்தி என்னய்யா நினைப்பான்?"

"புல்லு சமாச்சாரத்துக்கு அது ஒண்ணுதான் சார் ஆதாரம்."

"ஆதாரம் நான்யா" என்றார். பிறகுதான் அந்த அடிக்கோல் வெளியே வந்தது. "கட்டுரை சரியா இருக்கு, அதைத் தொடாதே. இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் மறுபடி அடி."

அடித்தேன். என் பெயரை என் விரல்களாலேயே விட்டுவிட்டு, ஒன்று முதல் பதினாறு வரை. முதல் வரி போனால் அடுத்தடுத்த எண்கள் எல்லாம் ஒன்று குறையும், கட்டுரைக்குள் இருக்கிற எண்களையும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டுரையைத் தொடாதே என்பது அவர் உத்தரவு. கோடு விழுந்த தாளைக் குப்பைக் கூடையில் போட்டார். கூட்டிப் பெருக்குகிற நேரத்தில் எடுத்துக்கொண்டேன். பிறகு அச்சுக்கூடத்துப் பிழைதிருத்தப் படி வந்தபோதும் அவர் ஒரு வரி படிக்கவில்லை. தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பச்சையில் கையெழுத்துப் போட்டார். என் புல்லுக்கு ஆதாரமாக, ஒன்றாம் எண்ணுக்கு நகர்ந்துவிட்ட, எங்கோ வெள்ளத்தில் வளரும் நெல்லைப் பற்றி எழுதிய ஒருவரைக் காட்டிக்கொண்டு கட்டுரை வெளிவந்தது. அதைக் காட்டி அவர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு விவசாயக் கல்லூரிக்குப் போனார். நான் பீல்டுமேனாகவே ஓய்வு பெற்றேன்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. அந்த ஆபீசர் இறந்துவிட்டாராம். அவரிடம் படித்த மாணவர் ஒருவர் நினைவு மலர் தயாரிக்கிறார். ஐயாவின் புகழ்பெற்ற அந்தக் கட்டுரையை மறுபடி அச்சிடுகிறார்களாம். "கட்டுரைக்குள் பதினேழு என்ற எண் வருகிறது, பட்டியலில் பதினாறுதான் இருக்கிறது. டைப் அடித்தவர் நீங்கள் என்று சொன்னார்கள். விட்டுப்போனது எதுவென்று நினைவிருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

பக்கத்துத் தெருவில் ஒரு டைப்ரைட்டரை இரவல் வாங்கி, பச்சைக் கோடு போட்ட தாளை எதிரே வைத்துக்கொண்டு, பதினேழு வரியையும் அதே வரிசையில் அடித்து அனுப்பிவிட்டேன். அப்பா விரல் வைத்த இடத்தில் என் பெயர் இருக்கிறது. அந்த மாணவரிடமும் ஒரு அடிக்கோல் இருக்கும். கோடு போடுவதானால் போடட்டும். பட்டியலை எண்ணிப் பார்த்தால் மறுபடியும் ஒன்று குறையும்.