அகரத்தில் பீறிட்ட தண்ணீர்

காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே எனக்குக் கோபம்தான். காரைக்கால் பக்கம் எண்ணெய்க் கிணறுகளில் நிலத்தடி அழுத்தத்தை அளந்து, அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்வது என் வேலை. அதை நம்பித்தான் சித்தப்பா மகன் ஆரோக்கியம், தன் வயலில் போர் போட இடம் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தான். வழியிலேயே போன் வந்தது: போர் வண்டி ஏஜென்டே இடம் குறித்துவிட்டாராம், வண்டி துளை போட ஆரம்பித்துவிட்டதாம். பிறகு என்னை எதற்கு வரச் சொன்னான்?

தாடிக்கொம்பு வழியாக அகரம் சுமார் பத்து கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வயலுக்கு அடையாளம் கேட்டபோது, போர் வண்டிச் சத்தத்தை வைத்தே இறங்கிக்கொள்ளலாம் என்றார் கண்டக்டர். அப்படித்தான் இறங்கினேன்.

ஒன்பது மணிவாக்கில் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீறிட்டது. ஆரோக்கியம் நனைந்துகொண்டே சிரித்தான். பூமிக்கடியில் அவ்வளவு பிரஷர் இருக்கிறது என்று ஏஜென்ட் கூட்டத்துக்கு விளக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியிலுள்ள கம்ப்ரசர் உள்ளே தள்ளும் காற்றுதான் தண்ணீரைத் தூக்கி எறிகிறது. நிறுத்தினால் அடங்கிவிடும். பூமியின் அழுத்தமாம்!

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரர் பாண்டியம்மாள் ஓடிவந்தார். மோட்டார் போடாமலே அவருடைய பழைய போரும் சேறும் காற்றுமாகக் கக்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் ஊற்று திறந்துவிட்டதென்று எல்லோரும் வாழ்த்தினார்கள். எல்லாம் நான் வந்த ராசி என்று சொல்லி, பறித்த மொட்டில் ஒரு கை அள்ளி என்னிடம் கொடுத்தார்.

இங்கே அடியில் இருப்பது கெட்டிப் பாறை. வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடும். இங்கே தள்ளிய காற்று அங்கே வருகிறதென்றால் இரண்டு போரும் ஒரே வெடிப்பில் நிற்கின்றன. இனி ஆரோக்கியம் இறைக்கப்போவது பாண்டியம்மாளின் தண்ணீரை.

அவனைத் தனியே அழைத்துச் சொன்னேன். நாள் மாற்றி நாள் இறைத்தால் இருவருக்கும் நிற்கும் என்றேன்.

"என் நெலத்துல வந்த தண்ணி எனக்குத்தான்க்கா. அதெல்லாம் ஒங்க கம்பெனியில வச்சுக்க."

ஏஜென்டிடம் கேட்டால், தனக்கு முன்பே தெரியும் என்றார். எல்லா ஊரிலும் இப்படித்தானாம். தெரிந்தும் வாழ்த்தை வேடிக்கை பார்த்த மனிதரை என்னவென்று திட்டுவது? நானே போய்ப் பாண்டியம்மாளிடம் விவரம் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்ப, ஆழத்துல மோட்டாரு வச்சவுகளுக்குத்தான் தண்ணியா?"

ஆமாம் என்றேன். அவர் நேரே ஏஜென்டிடம் போனார்.

"வண்டி கெளம்புறதுக்கு முன்ன எனக்கும் ஒண்ணு எறக்கிருங்க. அவுகளவிட நூறடி கூட."

இரண்டு தோட்டமும் காய்ந்துபோகும் என்று கத்தினேன். கேட்க ஆளில்லை. எங்கள் பக்கம் ஒரே எண்ணெய்த் தேக்கத்தில் இரண்டு கம்பெனி கிணறு தோண்டினால், எவ்வளவு எடுப்பதென்று உட்கார்ந்து பேசியாக வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கு அந்த மரியாதைகூட இல்லை.

பதினொன்றரை மணிக்குத் திரும்புகிற பேருந்தில் ஏறினேன். ஜன்னல் வழியே பார்த்தேன். பிரித்த வேலிக்குள் போர் வண்டி நுழைந்துகொண்டிருந்தது. அது திரும்ப இடம் வேண்டுமென்று, பாண்டியம்மாள் முன்னால் நின்று மல்லிகைச் செடிகளைத் தன் கையாலேயே வெட்டிக்கொண்டிருந்தார்.