வா, போகலாம்

நம்பினால் நம்புங்கள். இது எனக்கு நடந்தது. கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல்லாவிட்டால்தான் தலை வெடித்துவிடும்.

என் அண்ணன் பழைய வீடுகளை வாங்கிப் பூசி மெழுகி விற்பவன். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. என் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அறை அறையாகச் சுற்றுவான். அதனால் "நாளைக்கு வீடு பாக்க வர்றாங்க, கொஞ்சம் துடைச்சுக் குடும்மா" என்று அவன் சாவியை நீட்டியபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை.

"உள்ள ஒரு பூனை புகுந்து சுத்துது. பூட்டுறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு, 'வா, போகலாம்'னு கூப்பிடு."

"உன் பூனை என் பேச்சைக் கேக்குமா?"

எதற்கெடுத்தாலும் சிரிப்பவன், அன்று சிரிக்கவில்லை.

சாயங்காலம் போனேன். பெயிண்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் முடிச்சிட்டுப் போயிடுங்கம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

ஜன்னல்களைத் துடைத்தேன். சிந்திய பெயிண்டைச் சுரண்டினேன். கடைசியாகக் கூடத்துத் தரைக்கு ஈரத்துணி போட்டேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால்... எல்லா இடமும் ஈரம். மூலையில் மட்டும் கொஞ்சம் இடம் காய்ந்து கிடந்தது. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவு.

கை படாமல் விட்டுவிட்டேன் போல. துணியைப் பிழியாமல் அப்படியே போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் ஓரமாக விலகி ஓடியது. தரை நனையவில்லை.

பழைய தரை... எண்ணெய் ஊறியிருக்கும். எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாளித் தண்ணீரைக் கொட்டக் குளியலறைக்குப் போனேன்.

சரக்...

கூடத்தில் யாரோ நகர்ந்து உட்காரும் சத்தம்.

திரும்பி வந்தேன். மணி ஆறு இருபது. மூலை ஈரத்தில் பளபளத்தது.

காய்ந்த இடம் கூடத்தின் நடுவில் இருந்தது.

பூனைதான்... பூனைதான்...

சரக்... சரக்...

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அந்த நேரத்திலும் அண்ணன் சொன்னது மறக்கவில்லை. வாயில்லா ஜீவன், உள்ளே மாட்டிக்கொண்டால் பாவம்.

"வா, போகலாம்."

கணுக்காலை உரசிக்கொண்டு ஜில்லென்று ஏதோ தாண்டியது.

குனிந்து பார்த்தேன்.

ஒன்றுமில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"வந்துடுச்சா?"

"ஏதோ வந்துச்சுண்ணே. கண்ணுல படல."

"அப்பாடா" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

வீடு அந்த வாரமே விலைபோனது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மகளுக்கு வாங்கிய பொம்மையைக்கூடக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

நேற்று கடைத்தெருவில் பெயிண்டரைப் பார்த்தேன். பூனையைப் பற்றிக் கேட்டேன்.

"அங்க ஏதும்மா பூனை? என்னையும்தான் கூப்பிடச் சொன்னாரு. புள்ளகுட்டிக்காரன், என்னால முடியாதுன்னுட்டேன்."

நானும் பிள்ளை பெற்றவள்தானே? அவனுக்குத் தெரியாதா? கூடப்பிறந்தவனே இப்படிச் செய்வானா?

இன்று காலை என் வீட்டைத் துடைத்தேன். மகளின் கட்டில் ஓரத்தில் ஓரிடம் நனையவில்லை.

அவளுக்குச் சீருடை மாட்டி, பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எப்படிண்ணே உனக்கு மனசு வந்துச்சு?"

"பாப்பாவ வேணா என்கிட்ட அனுப்பிடு. நீ வராத. அவளை அனுப்புறப்ப வாசல்ல நின்னு 'வா, போகலாம்'னு மட்டும் சொல்லிடாத. அது அவகூட வந்துடும்."

போனை வைத்தேன்.

தினமும் வேன் வந்ததும் வாசலில் நின்று நான் அவளிடம் சொல்வது அதைத்தான். இன்றும் சொன்னேன்.

ஈரத்துணியை எடுத்துப்போய் மகளின் கட்டில் ஓரத்தில் தேய்த்தேன்.

தரை நனைந்தது.