மூடும் நேரத்துப் பாட்டு

கியோத்தோவின் ஃபுஷிமி கடைத்தெருப் பல்பொருள் அங்காடியில் மிசாவோவுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே வேலைதான்: வந்தவர்களை வெளியே அனுப்புவது. பகலெல்லாம் கல்லாவில் நிற்பாள். மூடும் நேரம் வந்ததும் உள்ளறைக்குப் போய் ஒலிபெருக்கியில் பாட்டைப் போடுவாள். கோத்தோ என்கிற தந்தி வாத்தியத்தில் வாசித்த பழைய தாலாட்டு. மொத்தம் ஐந்தே சுரம். அதிலும் இரண்டிரண்டாகப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு முனகும். முதல் வரி முடிவதற்குள் ஜனங்கள் கையிலிருந்த முள்ளங்கியை அப்படியே வைத்துவிட்டு, இழவு விழுந்த முகத்தோடு வாசலைப் பார்த்து நடப்பார்கள்.

"ஏன்க்கா, நம்ம பாட்டெல்லாம் கேட்டாலே அழுகை வருது?" என்று மீன் பிரிவில் வேலை பார்க்கும் நொசோமி ஒருநாள் மூக்கை உறிஞ்சினாள்.

"இந்த ஊர்ல எவனையாவது வாயால போன்னு சொல்ல முடியுமா? அந்த வேலையைப் பாட்டு பார்க்குது. வீட்டுக்குப் போன்னு சொன்னா யாருக்குத்தான் அழுகை வராது? உன் வீட்டுல உன் மாமியார்ல இருக்கா."

மிசாவோவுக்கு அழுகை வராது. ஜனவரிக் குளிரில் கணவர் ஷோஹெய் மாரடைப்பில் போனபோதும் வரவில்லை. ஈமச் சடங்கில் பிக்கு மந்திரத்தில் இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டார் என்று கண்டுபிடித்துச் சொன்னாளே தவிர, கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. கல்நெஞ்சக்காரி என்று உறவுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் பூசைக்கு எல்லோரும் வந்து, சாப்பிட்டு, போனார்கள். கொழுந்தன் தெய்ஜி மட்டும் போகவில்லை. மாய்சுரு துறைமுகத்தில் படகுக்குச் சாயம் அடித்து ஓய்வு பெற்றவன். பெண்டாட்டி எப்போதோ விட்டுப் போய்விட்டாள். கணப்பு மேசைக்கு அடியில் காலை நீட்டியவன் நீட்டியவன்தான். அண்ணனின் பருத்திக் கோட்டைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டான். மிசாவோ கேட்டதெல்லாம் தன் வீட்டைத்தான்: தனியாக ஒரு குளியல், யாரும் உறிஞ்சாத ஒரு கோப்பைத் தேநீர். அதற்குக்கூட இவன் வழிவிடவில்லை.

விருந்தாளியைக் கிளப்பப் பழைய வைத்தியம் உண்டு. துடைப்பத்தைத் தலைகீழாகச் சாத்தி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டாள். தெய்ஜி துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, துடைப்பத்தால் வாசலைக் கூட்டினான்.

அடுத்து, சோற்றில் தேநீர் ஊற்றித் தரட்டுமா என்று கேட்டாள். கியோத்தோவில் இந்தக் கேள்விக்கு மரியாதையான பதில் எழுந்து செருப்பைத் தேடுவதுதான்.

"தாங்க அண்ணி," என்றான் தெய்ஜி. "தொட்டுக்க கத்திரிக்கா ஊறுகாய் வைங்க."

மிசாவோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் கடையிலேயே பாட்டைக் கைப்பேசியில் பிடித்து வந்து, விடுமுறை நாள் சாயங்காலம் அடுப்படியிலிருந்து முழுச் சத்தத்தில் போட்டாள்.

பாட்டு பொய்க்கவில்லை. முதல் வரியில் தெய்ஜி எழுந்து உட்கார்ந்தான். இரண்டாம் வரியில் பையைத் தேடினான். "நேரமாயிடுச்சு போல, மன்னிச்சுக்கங்க அண்ணி," என்று குனிந்து கும்பிட்டு, கோட்டை மடித்து வைத்துவிட்டு வெளியே போனான். வாசலில் வம்பு பேச வந்திருந்த எதிர்வீட்டுக்காரிகூடத் திரும்பிப் போய்விட்டாள்.

பாட்டு முடிந்தது. கடையில் தினமும் செய்வதுபோலவே மிசாவோ விளக்குகளை அணைத்தாள். தன் கோட்டை மாட்டி, பையை எடுத்து, காலணி போட்டு, கதவைப் பூட்டித் தெருவில் இறங்கினாள். தெரு முனையில் தெய்ஜி காலணிக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு," என்றாள் மிசாவோ. "அவர் பசியோட உக்காந்திருப்பாரு."

சொன்னது காதில் விழுந்த பிறகுதான் நின்றாள். கையில் சாவி இருந்தது. பூட்டிவிட்டு வந்த வீடு பின்னால் இருட்டாக இருந்தது. அந்த இடத்திலேயே, கோட்டும் பையுமாக, தெரு முழுக்கக் கேட்கும்படி ஓவென்று அழுதாள். அவ்வளவு சத்தம் தனக்குள் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறந்துவிட்டுப் போகட்டும் என்று இன்னும் அழுதாள்.

தெய்ஜி அவளைத் தொடவில்லை. அவள் அழுது முடியும்வரை தன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பாடா," என்றான் பிறகு. "எழவு வீட்டுல அழாத ஆளைத் தனியா விட்டுட்டுப் போகப் பயமா இருந்துச்சு அண்ணி. அதான் ஒட்டிக்கிட்டு கிடந்தேன். நானும் இந்த ஊர்ல பொறந்தவன்தானே, துரத்துறது தெரியாதா? இனி நிம்மதியா போறேன்."

அவன் பையைத் தோளில் போட்டான். மிசாவோ கோட்டுக் கையாலேயே மூக்கைத் துடைத்தாள்.

"போகாத தெய்ஜி," என்றாள். "இன்னைக்கு இரு."