கண் மூடிய படம்

மூத்த பேத்தி பொறியியல் படிக்கிறாள். சின்னவள் கோலூன்றிப் பாய்தலில் மாகாணத்தில் முதலாவது. பேரன் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படிப் பிள்ளைகள்!

கணையத்தையும் மண்ணீரலையும் வெட்டி எடுத்த பிறகு இன்றுதான் தனியாகச் சந்தைக்குப் போனேன். சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவரும் புஷ்பம் என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஐயோ அம்மா, நீங்கள் இருக்கிறீங்களோ!"

"ஏன், நான் எங்க போறது?"

"பேஸ்புக்கில உங்கட படம் கண்டனான். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தீங்கள். கீழ கும்பிடுற கையும் கிடந்தது. நானும் அழுகிற முகம் போட்டிட்டு, கோயிலில மோட்ச அர்ச்சனையும் செய்திட்டனே!"

"என்னட்ட இல்லாதது ரெண்டு சாமான்தான் பிள்ளை. மிச்சம் எல்லாம் இருக்குது. விளைமீன் இருக்கோ?"

அழுதாள், சிரித்தாள், பெரிய மீனாகப் பார்த்து வெட்டித் தந்தாள்.

மத்தியானம் இன்சுலின் ஊசி போட்டு, சாப்பாட்டோடு குளிசையும் விழுங்கி, மீன் சொதியில் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டேன். நாலு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் வயிறு என்னோடு சண்டை பிடிக்கவில்லை.

அந்தப் படத்தைப் போட்டது ஒன்பது ஏ எடுத்த பேரன்தான். நான் சுகமாக வேண்டும் என்று கும்பிட்டவனாம்.

இன்னும் யார் யார் எனக்காக அழுது முடித்துவிட்டீர்கள்? மறைக்காமல் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள்.

பேரா, கண் திறந்த புதுப் படம் ஒன்று உடனே போடு. சொதிக் கோப்பையும் தெரியட்டும்.